இரண்டாம் எண்ணிக்கை

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகந்தானே? உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? இங்கே மூன்று பேரும் சுகம்.

போனில் ஐந்து நிமிடத்தில் முடிகிற சமாசாரம் இது. வாய்வார்த்தைக்கு ரெக்கார்டு கிடையாது என்று போனைக் கண்டாலே முகம் சுளிக்கிற ஆள் நீ. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு வேலை கிடைத்து ஒரு மாதம் ஆகிறது. அரசாங்க ஓவியக்கூடத்தில் அறைக் காவலர். மொத்தம் ஒன்பது அறை, அறைக்கு ஒரு ஆள், ஒரு நாற்காலி. எனக்குக் கொடுத்திருப்பது ஏழாம் அறை. சிரிக்காமல் படி. அந்த அறையில் ஒன்றும் இல்லை.

நாலு வெள்ளைச் சுவர், சாம்பல் நிறத் தரை, மேலே இரண்டு விளக்கு. வாசலில் மட்டும் ஒரு பித்தளைத் தகடு. ‘இந்த அறையின் நடுவில், நீங்கள் தொலைத்த பொருள் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. பொறுமையாக நின்றால் தெரியும். தொடாதீர்கள்.’ இவ்வளவுதான் படைப்பு. செய்தவர் தலைமுடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண்மணி. ‘வரையாத ஓவியர்’ என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். முதல் நாள் வந்தவர் அறையின் நடுவில் கால் படாமல் ஓரமாகவே சுற்றி நடந்தார். “நடுவுல யாரும் மிதிக்காம பாத்துக்கங்க. மத்ததை வர்றவங்க பாத்துப்பாங்க” என்றார். தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது.

தினமும் சாயங்காலம் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். படைப்பு இருக்கிறதா, சேதம் உண்டா என்று கேட்டிருக்கும். ‘உள்ளது. நல்ல நிலை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன். கெட்ட பெயர் இல்லாமல் ஆறு மாதம் ஓட்டிவிட்டால் நிரந்தரமாக்கிவிடுவார்கள். மகளுக்கு நர்ஸ் படிப்பு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இந்த வேலை போனால் படிப்பும் போகும். அதனால் இல்லாத பொருளாக இருந்தாலும் கண்ணும் கருத்துமாகக் காக்கிறேன்.

உன் அத்தான் வீட்டில்தான். தெருமுனை தாண்டுவதில்லை. துவைத்த துணியை மடிப்பதில் மட்டும் அந்த ஸ்டோர்கீப்பர் பழக்கம் இன்னும் போகவில்லை. நாலு மூலையும் சேர்ந்தால்தான் துணி அலமாரிக்குள் போகும்.

உன் சந்தேகங்களை எல்லாம் திரட்டி ஒரே கடிதமாக எழுது.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாகவே இருக்கிறோம். முதுகு உட்கார்ந்தால் வலிக்கிறது, நின்றால் வலிப்பதில்லை. சரக்கு எண்ணுகிறவனுக்கு நிற்கிற நேரம்தான் அதிகம் என்பதால் பிழைத்தேன். உன் மகளைக் கவனமாகப் படிக்கச் சொல்.

நான் சிரிக்கவில்லை. இருபத்தெட்டு வருடமாக அரசாங்கக் கிடங்குகளை எண்ணுகிறேன். புத்தகத்தில் இருக்கிறது, அலமாரியில் இல்லை என்றால் அதற்குப் பெயர் குறைவு. குறைவு என்று எழுதிவிட்டால் ஒரு தலை உருண்டே ஆக வேண்டும். கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் தலைதான் உருளும். நீ தினமும் போடுகிறாய்.

அந்தப் படைப்பை உன்னிடம் ஒப்படைத்தபோது ரசீதில் கையெழுத்து வாங்கினார்களா? வாங்கியிருந்தால் அதில் என்ன எழுதியிருந்தது என்று எழுத்துப் பிசகாமல் எழுது. அறைக்குப் பின்கதவு உண்டா? சுவர்கள் செங்கல்லா, பலகையா? தட்டிப் பார். எல்லோரும் வெறும் அறையை வெறித்துக்கொண்டு நிற்கும்போது பக்கத்து அறையிலிருந்து ஒரு நிஜப் படம் போனால் யாருக்குத் தெரியும்? அந்த ஓவியர் அம்மாள் வேறு எங்கெல்லாம் இப்படி ஒன்றுமில்லாததை வைத்திருக்கிறார்? ஒருவர் ஓரமாகவே நடந்து காட்டினால் அதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று அர்த்தம்.

இல்லாத பொருளுக்குக் கையெழுத்துப் போடாதே அக்கா. நாளைக்கு ஏதாவது ஆனால் எல்லோரும் கை கழுவிவிட்டு உன் தலையில் கட்டுவார்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்தது. எனக்கு நாலு நாள் சளி, இப்போது தேவலை. மகள் பரீட்சை எழுதுகிறாள். நீ அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கம்தான். அவரும் சுகம்.

உனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது என்று தெரிந்தது. சொன்னபடியே சுவரைத் தட்டிப் பார்த்தேன். செங்கல்தான். தட்டுகிற சமயம் பார்த்து எங்கள் கண்காணிப்பாளர் வந்து, “சுவத்துல என்னம்மா?” என்றார். கரப்பான் பூச்சி என்று சொல்லித் தப்பித்தேன். பின்கதவு இல்லை. ரசீது உண்டு. ‘ஏழாம் அறைப் படைப்பு ஒன்று, பெற்றுக்கொண்டேன்.’ கீழே என் கையெழுத்து. இனி அதை அழிக்க முடியாது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். வருகிறவர்களுக்கு நிஜமாகவே தெரிகிறது. டை கட்டின ஒரு பெரிய மனிதர் வந்தார். பத்து நிமிடம் சும்மா நின்றார். பிறகு மெல்லக் குனிந்து எதையோ பார்த்தார். போகும்போது, “சைக்கிள். மணி கூட அதே மணி” என்றார். ஒரு அம்மாவுக்கு ஒற்றைக் கம்மல். புதுத் தம்பதி ஒன்று உள்ளே போய் ஆளுக்கொரு பொருளைப் பார்த்துவிட்டுச் சண்டையோடு வெளியே வந்தது. வாரம் தவறாமல் வருகிற ஒரு வாத்தியார் இருக்கிறார். போன சனிக்கிழமை என்னிடம் வந்து, “போன வாரம் இருந்த இடத்துல இல்லையே, யாரோ நகத்தியிருக்காங்க” என்று புகார் சொன்னார். அவரை ஒரு அடி இடது பக்கம் தள்ளி நிற்கச் சொன்னேன். “ஆங், இப்ப சரி” என்றார். படிவத்தில் ‘நகர்ந்ததாகப் புகார், சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினேன். நீ பார்த்திருந்தால் உனக்கு மயக்கம் வந்திருக்கும்.

எனக்கு என்ன தெரிகிறது என்று கேட்காதே. எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் எதுவும் தெரியத்தான் செய்யும்.

அனுபவத்தில் சொல்கிறேன் என்று எழுதியிருந்தாய். எந்த அனுபவம் என்று எனக்குத் தெரியாதா? பதினோரு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி ஸ்டோரில் முப்பத்தாறு போர்வை குறைகிறது என்று எழுதியது நீ. வேலை போனது உன் அத்தானுக்கு. உன் கடமையைச் செய்தாய். அன்றைக்கும் உன்னை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. சொந்த அக்கா புருஷன் என்று பூசி மெழுகாமல் எழுதினாயே என்று மற்றவர்களிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

வெந்நீர் ஒத்தடம் கொடு, முதுகுக்கு.

அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

சளி நன்றாகக் குணமாயிற்றா? குளிரில் அந்தக் கல் தரையில் நிற்காதே.

பழைய கதையை எதற்கு இழுக்கிறாய்? நான் கேட்டது ரசீதைப் பற்றி. உனக்கு அந்த அறையில் என்ன தெரிகிறது? கேட்காதே என்றதால் கேட்கிறேன். போர்வையா? அடுக்கு அடுக்காக இருக்கிறதா? அதை அத்தானிடம் சொன்னாயா? அந்த ஓவியர் அம்மாள் உன்னிடம் என்னைப் பற்றியோ என் வேலையைப் பற்றியோ ஏதாவது விசாரித்தாரா?

நீ அங்கிருந்து விலகிவிடுவது நல்லது. வேறு அறைக்கு மாற்றச் சொல்லிக் கேள். மார்ச்சில் ஓவியக்கூடத்துக்கு வருடாந்திரச் சரிபார்ப்பு வருகிறது. பட்டியலைப் பார்த்துவிட்டேன். வரப்போகிறவர் எங்கள் அலுவலகத்து ஆள்தான். முழக்கோல் என்று கூப்பிடுவோம். அளந்து பார்க்காமல் மூச்சு விடமாட்டார். கண்ணுக்குத் தெரியாததை அவர் இருப்பில் எழுத மாட்டார்.

யோசித்து முடிவு செய். எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

தம்பி

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்க மனசு ஓடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. நீ சொன்னது அப்படியே நடந்துவிட்டது.

முழக்கோல் நேற்று வந்தார். ஒல்லியாக, சட்டைப் பையில் மூன்று பேனாவோடு. ஆறாம் அறை வரைக்கும் ஒவ்வொரு படத்தையும் நீளம் அகலம் பார்த்து டிக் அடித்துக்கொண்டே வந்தார். ஏழாம் அறை வாசலில் நின்று தகட்டைப் படித்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட இருக்காது.

“பொருள் எங்கம்மா?”

“நடுவுல இருக்கு சார்.”

“எனக்குத் தெரியலயே.”

“கொஞ்சம் நின்னாத் தெரியும் சார்.”

“நான் எண்ண வந்தவன்மா, நிக்க வந்தவன் இல்ல” என்று சொல்லிவிட்டு, ‘இல்லை’ என்று எழுதினார். சிவப்பு மையில்.

கண்காணிப்பாளருக்கு முகம் வெளிறிவிட்டது. இத்தனை நாள் அந்த அறையைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் அரை மணி நேரம் பிரசங்கம் செய்தவர், இன்று காலை என்னைக் கூப்பிட்டு, “பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே?” என்கிறார். பத்து நாளைக்குள் நான் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் நிரந்தரம் கிடையாது. இருக்கிற வேலையும் கிடையாது.

ஒரு வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கெட்ட பெயரா? மகளிடம் என்ன சொல்வேன்? அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. நீ எண்ணுகிறவன். இதற்கு ஒரு வழி இருந்தால் உனக்குத்தான் தெரியும். சொல்.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தைரியமாக இரு. உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளும் யோசித்தேன். நீ பயந்து எழுதியிருப்பதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு வழி இருக்கிறது. எங்கள் கையேட்டில் பதினான்காம் விதி. எண்ணுகிறவர்களுக்கு மட்டும் கொடுக்கிற புத்தகம் அது. ஸ்டோர்காரர்களுக்குத் தருவதில்லை, தந்தால் ஆளாளுக்கு அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று. ஒரு பொருள் குறைகிறது என்று கண்டால், எண்ணியவர் இன்னொரு நாள் திரும்ப வந்து, பொருளுக்குப் பொறுப்பானவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். அதற்கு இரண்டாம் எண்ணிக்கை என்று பெயர். அது நடக்காதவரை குறைவு குறைவே இல்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ‘பதினான்காம் விதிப்படி இரண்டாம் எண்ணிக்கை கோருகிறேன்’ என்று ஒரு வரி எழுதிக் கொடு. முழக்கோல் மறுக்க மாட்டார். அந்த ஓவியருடைய ஒப்பந்தத்தையும் எடுத்துப் பார். பொருளை எப்படிச் சரிபார்ப்பது என்று அதில் எங்காவது எழுதியிருப்பார்கள்.

இந்த விதியை நான் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லாதே. அத்தானிடமும் சொல்லாதே. விதியைப் பற்றியே அவரிடம் பேச வேண்டாம்.

கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துவிடு.

தம்பி

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். என் வேலை பிழைத்துவிட்டது.

நீ சொன்ன வரியை எழுதிக் கொடுத்தேன், ஒப்பந்தத்தையும் தேடி எடுத்தோம். கடைசிப் பக்கத்தில் இருந்தது. சரிபார்க்க வருகிறவர், கையில் காகிதமோ பேனாவோ இல்லாமல், தனியாக, அரை மணி நேரமாவது அறைக்குள் நிற்க வேண்டும். மறுபடி வந்த முழக்கோல் அதை மூன்று முறை படித்தார். பிறகு மூன்று பேனாவையும் ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன். அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. வெளியே வந்தபோது கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். “தண்ணி இருக்காம்மா?” என்றார். குடித்துவிட்டு, ‘உள்ளது. நல்ல நிலை’ என்று எழுதினார். என்ன பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. போகும்போது, “ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

இனி நான் எழுதப்போவதை நிதானமாகப் படி.

அவர் எழுதிய படிவத்தை நான் பார்த்தேன். கடைசியில் ஒரு கட்டம். இரண்டாம் எண்ணிக்கை, நாள், நேரம், எண்ணியவர் கையெழுத்து. என் கையெழுத்துக்கு அதில் இடமே இல்லை. வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொன்னேன். நீ சொல்லாதே என்று எழுதியிருக்காவிட்டால் எனக்கு ஒருவேளை சொல்லத் தோன்றியிருக்காது. உன் பெயரைச் சொல்லவில்லை. இப்படி ஒரு விதி இருக்கிறதாம், மறுபடி வந்து எண்ணுவார்களாம் என்று மட்டும் சொன்னேன். அவர் துண்டு மடித்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

“மறுபடியா? நம்ம ஸ்டோருக்கு மறுபடி யாரும் வரலயே” என்றார்.

மிச்சத் துண்டுகள் மடிக்காமல் அப்படியே கிடந்தன. பதினோரு வருடத்தில் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

நீ வந்தாயா தம்பி? அந்தக் கட்டத்தில் என்ன எழுதினாய்?

அக்கா

ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று வாரம் ஆகிறது. பதில் இல்லை. போன கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது. அதில் உன் கையெழுத்து இருக்கிறது. எனவே கிடைக்கவில்லை என்று சொல்லாதே. உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று முதலில் பயந்தேன். உன் வீட்டுக்குப் போன் செய்து கேட்டேன். தினமும் வேலைக்குப் போகிறாய் என்றார்கள்.

இங்கே ஒன்று நடந்தது. போன செவ்வாய்க்கிழமை அத்தான் சட்டையை மாற்றிக்கொண்டு, “அந்த ரூமை நான் பாக்கணும்” என்றார். பதினோரு வருடத்துக்குப் பிறகு பஸ் ஏறினார். டிக்கெட்டைக் கசங்காமல் கடைசிவரை விரலில் பிடித்துக்கொண்டிருந்தார். ஏழாம் அறைக்குள் போனவர் ஒரு மணி நேரம் நின்றார். நான் வாசலில் இருந்தேன். அவருக்கு என்ன தெரியப்போகிறது என்று எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் முதல் நாளிலிருந்து எனக்கும் அங்கே தெரிவது அதுதான். நீ கேட்டாயே, அதேதான். நீலக் கோடு போட்ட ஆஸ்பத்திரிப் போர்வை, முப்பத்தாறு.

வெளியே வந்தார். “என்ன தெரிஞ்சுது?” என்றேன்.

“ஒண்ணும் தெரியல.”

“இன்னும் கொஞ்சம் நின்னு பாருங்களேன்.”

“நின்னாச்சும்மா. தொலைச்சவங்களுக்குத்தானே தெரியும்னு போட்டிருக்கு. நான் எதையும் தொலைக்கலயே.”

சாதாரணமாகச் சொன்னார். உனக்கு மட்டும் சொல்கிறேன். இத்தனை வருடமும் நான் அவரை நம்பவில்லை. குளிர் தாங்காத நோயாளிகள் யாருக்காவது இரக்கப்பட்டுக் கொடுத்திருப்பார், சொல்ல வெட்கப்படுகிறார் என்று நானாக ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். என் தம்பி எண்ணினால் தப்பாது என்று இருந்தேன். செய்யாத தப்புக்கு அவரை மன்னித்துவிட்டு, மன்னித்துவிட்டோம் என்ற பெருமையிலேயே குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன கொடுமை செய்ய முடியும்?

நீ வந்தாயா, இல்லையா? ஒரு வார்த்தை போதும்.

அக்கா

மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

வரவில்லை.

ஒரு வார்த்தை போதும் என்றாய். ஆனால் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை ஏழெட்டுத் தடவை எழுதிக் கிழித்தேன்.

அந்த வருடம் ஆஸ்பத்திரி என் பட்டியலில் விழுந்தது. சொந்தக்காரர் ஸ்டோர், வேறு ஆளைப் போடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பதவி உயர்வு வருகிற சமயம். சொந்தம் பார்க்காதவன் என்று பெயர் வாங்க ஆசைப்பட்டேன். போர்வைகள் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டி, சாமான்களுக்குப் பின்னால் இருட்டில் அடுக்கியிருந்தன. கட்டுகளை எண்ணினேன். மூன்று கட்டு குறைந்தது. அத்தான், “பின்னால இன்னொரு அடுக்கு இருக்கும், சாமானை நகத்திப் பாக்கலாம்” என்றார். நேரமாகிவிட்டது, நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் போகத்தான் கிளம்பினேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்தேன். மறுபடி எண்ணிக் கணக்குச் சரியாக வந்தால், அத்தானுக்காகச் சரிக்கட்டிவிட்டான் என்பார்கள். வராவிட்டால் அவர் முகத்தில் முழிக்க வேண்டும். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அந்தக் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். அங்கேயே படிவத்தை எடுத்து, இரண்டாம் எண்ணிக்கை, அன்றைய தேதி, காலை பதினொன்று, குறைவு உறுதி செய்யப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படித்தவர்கள் எல்லோரும் நான் சாமான்களை நகர்த்தி, கட்டுகளை அவிழ்த்து, ஒவ்வொன்றாக எண்ணியதாக நினைத்துக்கொண்டார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அந்தப் போர்வைகள் அங்கே இருந்தனவா, இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

உன் அறையைப் பற்றிப் படித்ததும் எனக்கு ஏன் அவ்வளவு பயம் வந்தது என்று இப்போது உனக்குப் புரியும். வேண்டுமென்றே யாரோ என்னைக் குறிவைத்து அந்தத் தகட்டை எழுதியதாகவே நினைத்தேன்.

எனக்கு ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். இது வெளியே தெரிந்தால் எல்லாம் போய்விடும். என்ன செய்யச் சொல்கிறாயோ செய்கிறேன். இதையும் படித்துவிட்டுக் கிழித்துவிடு என்று எழுத வந்தேன். எழுதவில்லை.

தம்பி

ஜூன் 12

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. அத்தானுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். உன்னை நான் தூக்கி வளர்த்தேன். நீ பொய் சொல்ல மாட்டாய் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்த மனுஷன் பதினோரு வருடம் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்தே காலத்தைக் கழித்தார். நீ வருடத்துக்கு ஒரு முறை வந்து, அவர் மடித்து வைத்த துண்டால் முகம் துடைத்துவிட்டுப் போனாய். எப்படி உன்னால் முடிந்தது? இனி உன்னை எந்த முகத்தோடு பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என்னை நான் எந்த முகத்தோடு பார்ப்பது என்பதும் தெரியவில்லை.

எனக்கு எழுதினால் போதாது. உன் துறைக்கு எழுது. அந்தக் கட்டத்தில் எழுதியது நடக்கவில்லை என்று எழுது. உனக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு என்ன போயிற்று என்று உனக்கும் தெரியும்.

எனக்கு நிரந்தர உத்தரவு வந்துவிட்டது. சந்தோஷமான சேதி. சந்தோஷமாகச் சொல்ல வரவில்லை.

அத்தான் உன்மேல் ஒரு சொல்லும் கோபமாகச் சொல்லவில்லை. டீக்கடை என்ற இடத்தில் மட்டும் நிறுத்தச் சொல்லி, மறுபடி வாசிக்கச் சொன்னார். கடைசியில், “அன்னைக்கு நான் போர்வைக்கு முன்னால இருந்த சாமானெல்லாம் ஓரமா இழுத்துப் போட்டுட்டு, ஸ்டோர் வாசல்லயே நின்னேன். ஒரு மணி வரைக்கும் நின்னேன். வர்றேன்னு சொன்னானே, மாப்பிள்ளை வந்துடுவான்னு நின்னேன். டீக்கடை நேர் எதிர்லதான். அவன் என்னைப் பாத்தானா, பாக்கலயா? அதை மட்டும் கேட்டு எழுது” என்றார்.

கேட்டுவிட்டேன்.

அக்கா

ஜூலை 3

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இத்தனை வருடத்தில் உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்காவிடம்கூட நான் கேட்டதில்லை. எப்படி இருக்கிறது?

இரண்டாம் எண்ணிக்கை நடக்கவில்லை என்று துறைக்கு எழுதி, ஜூன் இருபத்தாறாம் தேதி நேரில் கொடுத்துவிட்டேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்ட நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அன்று மாலையே என்னைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். விசாரணைக்கு உங்களையும் கூப்பிடுவார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

போன புதன்கிழமை, அக்காவுக்கு விடுமுறையான நாளாகப் பார்த்து, ஏழாம் அறைக்கு வந்தேன். போர்வைதான் தெரியும் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். தெரியவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒரு நாற்காலி தெரிந்தது. பச்சை வர்ணம் அடித்த ஸ்டோர் நாற்காலி.

பார்த்தேன் அத்தான். நீங்கள் பத்து மணிக்கே வாசலுக்கு வந்துவிட்டீர்கள். உள்ளேயிருந்து அந்த நாற்காலியைக் கொண்டுவந்து, துண்டால் தூசி தட்டி, நான் வந்தால் உட்கார நிழலில் போட்டீர்கள். நிழல் நகர நகர அதையும் நகர்த்தி நகர்த்திப் போட்டீர்கள். நீங்கள் உட்காரவில்லை. ஒரு மணிக்கு அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனீர்கள். அதையும் பார்த்தேன்.

மாப்பிள்ளை